மலர்க்கொடி எழுதித் தந்த மூன்று வரிகள்

அலுவலகத்தில் மலர்க்கொடியோடு இருந்தவர்களுக்கு எழுதுகிறேன். வரிசை போட்டுக்கொண்டால்தான் எனக்குச் சொல்ல வரும்.

1. செய்தி வந்த விதம்.
2. நம் கருவியில் இருந்த தவறு யாருடையது.
3. கூட்டத்தில் நான் வாய் திறக்காதது.
4. திறந்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது என்பது.

தியாகதுருகத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது நம் வாட்ஸ்அப் குழுவில் பார்த்தேன். "மலர்க்கொடி மேடம் தவறிட்டாங்க." மூன்று மாதமாகப் படுக்கையில் இருந்தாராம். நான் விசாரித்ததே இல்லை. அதன் கீழே உங்களில் ஒருவர், "தங்கமானவங்க. அந்த டூல் விஷயத்துலதான் கோட்ட வுட்டுட்டாங்க" என்று எழுதினார். உங்களில் பலர் அதற்குக் கைகூப்பும் படம் போட்டிருந்தீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கல்லூரியில் கணிதம் நடத்தி ஓய்வு பெற்ற என்னை, கள்ளக்குறிச்சியில் அந்தச் சிறிய மென்பொருள் அலுவலகத்தில் சரிபார்க்கும் வேலைக்கு வைத்திருந்தார்கள். பழைய நிரல்களை ஒழுங்குபடுத்தும் கருவி ஒன்றை நாம் செய்துகொண்டிருந்தோம். மெத்தடு என்ற சிறு செயல்பகுதிகளில் யாரும் அழைக்காதவற்றை அது நீக்கிவிடும். ஆனால் சில மெத்தடுகளை நிரலுக்குள் யாரும் அழைப்பதில்லை. தலையில் அட்ரிபியூட் என்று ஒரு குறிப்பு இருக்கும். அதைப் பார்த்து, குறித்த நேரத்தில் டைமர் வெளியிலிருந்து அழைக்கும். அவற்றில் கை வைக்கக் கூடாது. அந்தக் குறிப்பைத் தேடும் பகுதியை மலர்க்கொடி எழுதியதாகத்தான் எல்லோரும் நினைக்கிறீர்கள். ஆசையாகக் கேட்டு வாங்கி எழுதியவன் நான்.

நான் எழுதியதை மலர்க்கொடி படித்துவிட்டுச் சிரித்தார். "இன்னா சார், மெத்தடு தலைய மட்டும் பாத்துக்கினு போறீங்க? குறிப்பு இதுக்குத் தாயான பேஸ் கிளாஸ்ல இருந்தா? மேல ஏறிப் பாருங்க சார்."

மலை பஸ்ஸில் எனக்குத் தலை சுற்றும் என்பது வெள்ளிமலைக்காரரான அவருக்குத் தெரியும். "மூணே வரிதான். இந்த ஏத்தத்துல வாந்தி வராது" என்று ஒரு சீட்டில் எழுதியும் தந்தார். சரி என்றேன். கருவி மெதுவாகிவிடுமோ என்று பயந்து சேர்க்காமல் விட்டேன். அதை அவரிடம் சொல்லவும் இல்லை.

நம் கருவி ஒழுங்குபடுத்திய ஒரு நிரலில், மருத்துவ வண்டி வரும் நாளைக் கல்வராயன் மலை ஊர்களுக்கு அறிவிக்கும் மெத்தடின் குறிப்பு பேஸ் கிளாஸில்தான் இருந்தது. கருவி அதை நீக்கியது. இரண்டு வாரம் யாருக்கும் குறுஞ்செய்தி போகவில்லை. வண்டி வந்து ஆளில்லாமல் திரும்பியது. மலர்க்கொடியின் ஊரிலும்தான்.

கூட்டத்தில், "யாரு எழுதினது?" என்றார் முதலாளி. கோப்பின் தலையில் பொறுப்பாளர் என்று மலர்க்கொடி பெயர் இருந்தது. மலர்க்கொடி என்னைப் பார்த்தார். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நான்தாங்க பாத்திருக்கணும்," என்றார் அவர்.

அவரை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "கண்ணாடி சுத்தமாயிடுச்சா சார்?"

அதன் பிறகு வெள்ளிமலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் விண்ணப்பங்கள் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

இதுவரை எழுதிவிட்டு, வரிசையில் நான்காவதைச் சரிபார்த்துவிடலாமென்று முதலாளிக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"இன்னா சார், இப்ப வந்து சொல்றீங்க? அன்னிக்கே சொல்லியிருந்தா உங்கள ரெண்டு திட்டு திட்டிட்டு வேலையப் பாத்திருப்பேன். அந்தப் பொண்ண நான் எதுக்கு அனுப்பப் போறேன்?"

மலர்க்கொடியிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தச் சீட்டுதான். நேற்று அந்த மூன்று வரிகளையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். கருவி கொஞ்சமும் மெதுவாகவில்லை.

நான்காவது குறிப்பு தவறு.