வெறும் வயித்துல குயினைன் குடிச்ச துரை

இன்னிக்குக் காலையில துரை ஆபீஸ்ல, புதுசா எழுதின உத்தரவு மேலயே துரை வாந்தி எடுத்துட்டாரு!

(காரணம் நான்தான். வேலை போகல. பதறாதீங்க.)

முதல்ல இருந்து சொல்றேன்.

மலாயாவுல குளுவாங் பக்கத்துல, வெள்ளைக்காரத் துரை நடத்துற ஒரு ரப்பர் தோட்டம். அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஒரே நர்ஸ் நான். டாக்டர் மாசத்துக்கு ஒரு தடவை கார்ல வருவாரு, நாலு பேரை நாக்கை நீட்டச் சொல்லுவாரு, டீ குடிப்பாரு, போயிடுவாரு.

இப்ப ஊரெல்லாம் மலேரியா. கட்டில் பத்தாம தரையில பாய் போட்டிருக்கேன்.

அதுக்கு டாக்டர் போட்ட சட்டம்: விடியக்காலையில ஆள் கணக்கு எடுக்குற பெரட்டுக்கு வரிசையா நிக்கும்போதே ஆளுக்கு ஒரு அவுன்ஸ் குயினைன் தண்ணி. என் முன்னாடி குடிச்சிட்டுப் பேரைச் சொல்லணும். (பேர் சொன்னா வாய்க்குள்ள மருந்து இல்லைன்னு அர்த்தமாம். என்ன மூளை!)

எங்க ஜனங்க யாரு! கன்னத்துல ஒதுக்கிக்கிட்டே பேர் சொல்லப் பழகிட்டாங்க. நாலு மரம் தாண்டினதும்... த்தூ!

போன வாரம் பால் வெட்டுற மாரியம்மாவைப் பிடிச்சேன். "ஏன் புள்ள துப்புற? காய்ச்சல்ல செத்துப் போவ."

"வெறும் வயித்துல குடிச்சா கண்ணு இருட்டுது நர்ஸம்மா. வாளியோட மேட்டுல ரெண்டு தடவ விழுந்துட்டேன். விழுந்தா, வேலை வாங்குற மண்டோர் 'வீட்டுக்குப் போ'ன்னுடுறாரு. வேலை இல்லாம புள்ளைய எப்படி வளக்குறது?"

நியாயம்தானே!

ஆனா அவ துப்புறதை மண்டோர் பாத்துட்டாரு. துரை காதுக்குப் போயிடுச்சு.

இன்னிக்கு டாக்டரும் துரையும் உக்காந்து உத்தரவு எழுதினாங்க: துப்புறவங்களைத் தோட்டத்தை விட்டே அனுப்பிடணும். முதல் பேரு மாரியம்மா. கைக்குழந்தையோட!

என்னையும் கூப்பிட்டாங்க. யோசனை கேக்கவா? டீ ஊத்த!

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். டீயை அப்படியே வச்சிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஓடி கிளாஸ்ல அதே ஒரு அவுன்ஸ் குயினைன் தண்ணி கொண்டாந்தேன்.

"துரை, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இதைக் குடிங்க."

"என்னா நர்ஸ்? நான் தெனமும் குயினைன் சாப்பிடுது!" (துரை தமிழ், மன்னிச்சிடுங்க.)

"நீங்க சாப்பிடுறது மாத்திரை. அதுவும் வயிறு நிறைய கோழி சாப்பிட்டப்புறம். இது ஜனங்க குடிக்கிறது. நீங்க இன்னும் பசியாறலதானே?"

டாக்டர் மெதுவா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. (படிச்சவராச்சே, என்ன ஆகும்னு தெரியும்!)

துரை ரோஷக்காரரு. ஒரே மடக்கு.

"இப்ப உங்க பேரைச் சொல்லுங்க."

அலமாக்! பேர் வரல, மத்ததெல்லாம் வந்துச்சு! நேரா உத்தரவு மேல!

நாளைக்கே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்னு நெனச்சேன்.

துரை வாயைத் தொடச்சிக்கிட்டு, "அப்போ எப்போ குடுக்குறது?"ன்னாரு.

"பதினோரு மணிக்கு, பாலைக் கொண்டாந்து ஸ்டோர்ல ஊத்தும்போது. முதல்ல சூடா கஞ்சி, அப்புறம் மருந்து. வெட்டு முடிஞ்சிருக்கும், தலை சுத்தினாலும் வீட்டுல போயி படுத்துக்கலாம்."

"சரி. இன்னிக்கே செய்."

உடனே டாக்டர் புதுத் தாள் எடுத்து எழுத ஆரம்பிச்சாரு: "பல மாத ஆராய்ச்சியில் நான் கண்டறிந்தது என்னவென்றால்..." பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் அனுப்பப் போறாராம்!

(எழுதிக்கட்டும் லா. அங்கேயும் கஞ்சி கிடைக்கும்ல!)

பதினோரு மணிக்கு மாரியம்மா வந்தா. கஞ்சி குடிச்சா. மருந்தை வாங்கி ஊத்திக்கிட்டா.

"பேரைச் சொல்லு புள்ள"ன்னேன்.

பேரா சொன்னா? கசப்பு தாங்காம என்னை, டாக்டரை, குயினைன் கண்டுபிடிச்சவனை, எல்லாரையும் சேத்து வச்சுத் திட்டினா பாருங்க... வாய் நிறையப் பேச்சு, மருந்து ஒரு சொட்டு இல்ல!