பஜார் லைனின் முறை

சாயங்கால ஷிப்டில் போன் அடித்தாலே என்ன சேதி என்று அமுதவள்ளிக்குத் தெரிந்துவிடும். மட்டாஞ்சேரிக்குக் கரண்டு கொடுக்கும் துணை மின்நிலையத்தில் அவள் ஆபரேட்டர். வைகாசிப் புழுக்கத்தில் வீட்டுக்கு வீடு ஏசி ஓடும்போது, மலைக்கு அந்தப் பக்கம் சுற்றும் காற்றாலைகளும் கைகொடுத்தால்தான் தாங்கும். இவ்வளவு காற்று வரும் என்று காலையிலேயே கணக்குப் போட்டிருப்பார்கள். அது திடீரென்று படுத்துவிட்டால், ஈடுகட்ட வேறு நிலையங்களை ஓடவைக்கும்வரை ஏதாவது ஒரு லைனில் முறைவைத்துக் கரண்டை நிறுத்தியாக வேண்டும். அதைச் சொல்லத்தான் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து போன் வரும்.

அவள் கணவன் அருண்பாண்டி பஜாரில் மிளகாய்க் கிடங்கில் மூட்டை தூக்கியவன். வருஷக்கணக்கில் இழுத்த தூசி நெஞ்சைத் தின்றுவிட்டது. இப்போது கட்டிலோரம் ஓடும் ஆக்ஸிஜன் மெஷினை நம்பித்தான் மூச்சு. கரண்டு போனால் மாற்றுக்கு ஒரு சின்ன சிலிண்டர் உண்டு; அரை மணிக்குச் சற்று மேல் தாங்கும்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் போன் வந்தது. மையத்தில் வெங்கிடேஸ்வரன், பாலக்காட்டுக்காரர்.

"அமுதா, ஆரல்வாய்மொழிப் பக்கம் மேகம் கட்டி, காத்து அப்படியே படுத்துடுத்து. ஒரு லைனை எடு. அரை மணி நேரம் போறும்."

"இன்னிக்கு முறை பஜார் லைன், சார்." என்றாள். அவள் வீடு அந்த லைனில்தான் இருந்தது.

துறைமுக லைனை எடுத்துவிடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் தோப்பும்படிப் பக்கத்து மீன் ஐஸ் ஆலைகளெல்லாம் அதில். நேற்றுத்தான் அது இருட்டில் கிடந்தது. அந்தப் பக்கமும் எந்தக் கட்டிலோரம் எந்த மெஷின் ஓடுகிறதோ, யார் கண்டது? பக்கத்து வீட்டு அஞ்சுவை அழைத்து, "கரண்டு போகப் போகுது, அவருக்குச் சிலிண்டரை மாட்டு" என்றாள். பிறகு பஜார் லைன் சுவிட்சைத் திருகினாள்.

அரை மணி கடந்தது. காற்று ஒரு தடவை எழும்பி, மறுபடி விழுந்துவிட்டதாம். "இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றார் வெங்கிடேஸ்வரன்.

போனில் அஞ்சுவின் மலையாளம் கலந்த குரல் அழுகையோடு வந்தது. "சேச்சி, சிலிண்டர் தீரப்போகுது. சேட்டனுக்குச் சுவாசம் முட்டுது. ஞான் எந்து செய்யணும்?"

அமுதவள்ளி மையத்தை அழைத்தாள். "சார், எங்க வீட்டுக்காரரு ஆக்ஸிஜன் மெஷின்ல இருக்காரு. வீடு பஜார் லைன்ல."

வெங்கிடேஸ்வரன் பதறிப்போனார். "முன்னாடியே சொல்லப்படாதா? இதைப் போட்டா வேற ஒண்ணை எடுத்தாகணும். எதை எடுக்கட்டும், நீயே சொல்லு."

வேறொரு லைனின் பெயரைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. போனை வைத்துவிட்டு, தெருமுனை ஆட்டோக்காரன் ஷாஜியைக் கூப்பிட்டாள். ஷிப்டில் அவள் ஒருத்திதான். நிலையத்தை விட்டு நகர வழியில்லை. ஷாஜியும் அஞ்சுவும் அருண்பாண்டியைத் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த பிறகுதான் லைனைப் போடச் சொல்லி உத்தரவு வந்தது. சுவிட்சைத் திருகி, லைன் வந்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதினாள்.

ஷிப்ட் முடிந்து அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அருண்பாண்டி முகத்தில் மாஸ்க் இருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். அவளைக் கண்டதும் மாஸ்க்கை விலக்கினான்.

"நீயா நிறுத்தினே?"

"ஆமா."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சுதான்."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்த பிறகும் அஞ்சுவிடம் பேசினான், ஷாஜியிடம் சிரித்தான், அவளிடம் வாய் திறக்கவில்லை. மெஷின் உள்ள வீடுகளுக்கு முன்கூட்டியே தகவல் கொடுக்க வேண்டும் என்று மேலதிகாரியிடம் கேட்டாள். பார்க்கலாம் என்றார். பெரிய சிலிண்டர் ஒன்றை மட்டும் அவளாக ஏற்பாடு செய்தாள்.

அடுத்த சாயங்கால ஷிப்டுக்குக் கிளம்பும்போது தெற்கே, காற்றாலைகள் இருக்கும் பக்கம், வானம் மூடியிருந்தது. சிலிண்டரை அவன் கைக்கெட்டும் இடத்துக்கு நகர்த்திவைத்தாள்.

"இன்னிக்கும் காத்து இருக்காதா?" என்று முகத்தைப் பார்க்காமல் கேட்டான் அருண்பாண்டி.

"தெரியலைங்க" என்றாள்.