விதானையாரின் பன்னிரண்டு கிழமை

பரமேஸ்வரி அக்காவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் நடந்தது என்ன என்று தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அக்கா வாய் திறக்கப் போவதில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் உயிலங்குளத்துக்குப் பக்கத்தில். அக்காவின் கணவர் பாலசிங்கம் ஐயா பதினெட்டு வருடம் எங்கள் குளத்து வட்டவிதானை. யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று தீர்மானிப்பவர் அவர்தான். அவர் சொன்னால் துருசு, அதாவது குளத்து மதகு, திறக்கும்; அவர் சொன்னால் பூட்டும். கேட்காமல் அந்தச் சக்கரத்தில் கை வைத்தவன் ஊரில் இல்லை.

அவருக்கு மறதி நோய் வந்தது. முதலில் பெயர்கள் போயின, பிறகு வீட்டுக்கு வரும் வழி போனது. விடிந்ததும் எழும்பி எங்கேயாவது நடப்பார். அறையில் விட்டுப் பூட்டும்படி கனடாவில் இருந்து மகன் சொன்னான். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாப்பது வருசம் என்னோடை வாழ்ந்த மனுசன். அவரைப் பூட்டிப்போட்டு நான் எப்பிடிச் சோறு தின்னிறது?"

வீங்கிய முழங்காலோடு அவர் பின்னாலேயே நடந்தாள். அவரைப் பூட்டக் கூடாது, அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அந்த மாரியில் நிருஷா வந்தாள். தொழில்வழிச் சிகிச்சை படித்த பிள்ளை. மறதி வந்த முதியவர்களுக்கு அவர்கள் பழகிய வேலையையே திரும்பக் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஆராய்ச்சி செய்தாள். ஒரு வீட்டுக்குப் பன்னிரண்டு கிழமை, கிட்டத்தட்ட மூன்று மாதம்.

"ஐயாவை மறிக்க வேண்டாம் அம்மா. காலமை ஆறு மணிக்குத் துருசடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. அங்கை இப்பத்தை விதானை அவரிட்டை ஒரு கேள்வி கேக்கட்டும்."

இப்போதைய விதானை யசோதரன் நல்லவன். தான் ஏற்கெனவே முடிவு செய்ததை ஒவ்வொரு காலையும் அவரிடம் கேட்பான். "ஐயா, திறக்கட்டோ?" அவர் தண்ணீரைப் பார்த்து, "திற" என்பார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அன்று முழுதும் அடங்கியிருப்பார், தானே சாப்பிடுவார். ஒன்பதாம் கிழமை "பரமேசு" என்று கூப்பிட்டார். அக்கா அதை என் வீடு வரை வந்து சொல்லிவிட்டுப் போனாள். நான் அன்று மனதாரச் சந்தோஷப்பட்டேன்.

பத்தாம் கிழமை, மாசி மாதம். எல்லோருடைய நெல்லும் அறுப்புக்கு நின்றது. பிந்தி விதைத்த என் வயலுக்கு மட்டும் இன்னும் ஒரு தண்ணீர் வேண்டும். யசோதரனைக் கேட்டேன், அறுப்பு முடியட்டும் என்றான். அடுத்த நாள் அவன் மன்னாருக்குப் போய்விட்டான். ஐயா துருசடியில் இருந்தார், முழங்கால் நோவென்று அக்கா தள்ளிப்போய் மர நிழலில் இருந்தாள். நான் அவரிடம் கேட்டேன். "திற" என்றார், பழைய குரலில். திறந்தேன்.

பூட்டச் சொல்வார் என்று பார்த்தேன். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லாமல் எப்படிப் பூட்டுவது? வெட்கம் கெட்ட நொண்டிச் சாட்டு அது, தெரியும். தேத்தண்ணி குடிக்கப் போனவன் மற்ற வேலையில் மறந்துபோனேன். பின்னேரம் பார்த்தால் கீழ்வயல் முழுக்க வெள்ளம். நாலு குடும்பத்து நெல் சாய்ந்து, சில நாளில் தண்ணீருக்குள் முளைத்தது.

பிள்ளையார் கோயிலில் கூட்டம் போட்டார்கள். துருசடியில் இருந்தவர் ஐயா, ஆகவே திறந்தவரும் ஐயா. ஒருவரும் ஏசவில்லை. பழைய விதானையாருக்கு அவ்வளவு மரியாதை. "இனி அவரை வெளியிலை விடாதேங்கோ அக்கா" என்று மட்டும் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டார்கள். நான் தூணோடு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கே அக்கா ஆமைப்பூட்டு வாங்கினாள். மூன்று நாள் அவர் கதவில் அடித்தார். நாலாம் நாள் விட்டுவிட்டார். பிறகு சாப்பாட்டையும் விட்டார், ஊட்ட வேண்டியதாயிற்று. பன்னிரண்டாம் கிழமை நிருஷா கடைசிப் படிவத்தோடு வந்தாள். நடக்கிறாரா, பேசுகிறாரா, ஆளை முகம் பார்த்து மட்டுக்கட்டுகிறாரா என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். முடிந்ததும் வாசல் படலையடியில் நின்று அழுதாள். தன் யோசனைதான் அவரைக் கெடுத்தது என்று அந்தப் பிள்ளை நம்பிக்கொண்டு போனது. அப்போதும் நான் சொல்லவில்லை.

போன கிழமைதான் அக்காவிடம் போனேன். துருசைத் திறந்தது நான் என்று சொன்னேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும் தம்பி. நிழல்லை இருந்து பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

"கூட்டத்திலை ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு இருந்தனான்."

சுளகை வைத்துவிட்டு உள்ளே பார்த்தாள்.

"இப்ப கதவு திறந்துதான் கிடக்கு. அவர் எழும்பிறேல்லை."