கண்ணைப் பார்த்துப் பேசுகிறவர்கள்

போன மாதம் ஒரு ஞாயிறு காலை. பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் சினிமா ஷூட்டிங்.

உண்மையான பனி போதவில்லையாம். மெஷின் வைத்துப் புகை விட்டார்கள். ஏரி, மரம், படகு எல்லாம் வெள்ளையாகக் கரைந்துபோய்... நடுவில் ஒரு காதலனும் காதலியும். ஒரு சாண் இடைவெளியில் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். பார்த்தார்கள், பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

எனக்கோ எட்டு மாத மகளைப் பற்றித்தான் கவலை. இந்தக் குளிரில் தூக்கி வந்தது சரியா? புகை நெஞ்சில் கட்டிக்கொண்டால்? குல்லாவை இழுத்துவிட்டேன். "ஸ்வல்ப, கொஞ்சம் பின்னாடி போங்க மேடம்" என்றார் ஷூட்டிங் ஆள் ஒருவர், கன்னடமும் தமிழுமாக. போனோம்.

நிஜத்தில் அப்படி யாராவது பார்த்துக்கொள்கிறார்களா என்ன? நானும் கணவரும் கடைசியாக எப்போது பார்த்துக்கொண்டோம்? குழந்தை பிறந்த பிறகு எங்கள் இரண்டு பேர் கண்ணும் அவள் மேல்தான். பால் குடித்தாளா, தூங்கினாளா — பேச்சும் அதுதான்.

இத்தனைக்கும் அந்த வாரம் அவர் அமெரிக்கா கிளம்ப வேண்டும். ஆபீஸ் வேலையாக ஆறு மாதம். இரண்டு வீட்டிலும் ஒரே பெருமை. எனக்கு மட்டும், தனியாக எப்படிச் சமாளிப்பேன் என்று பயம். சொல்லலாமா? சொன்னால் நல்ல வாய்ப்பைக் கெடுத்தவள் ஆகிவிடுவேனோ? சொல்லாமலே இருந்தேன்.

அன்று அந்தப் புகைக்குள் என்ன தைரியம் வந்ததோ... பக்கத்தில் நின்ற அவரைப் பார்க்கவில்லை. இடுப்பில் இருந்தவளைப் பார்த்துச் சொன்னேன்: "பாப்பா, அப்பாகிட்ட சொல்லு. அவர் இல்லாம நமக்கு பயமா இருக்கும்னு."

அவர் குல்லாவின் நாடாவை அவிழ்த்தார், மறுபடி கட்டினார். பிறகு அவரும் அவளிடமே சொன்னார்.

"அம்மாகிட்ட சொல்லு பாப்பா. அப்பாவுக்கும் போக மனசே இல்ல. போகட்டுமான்னு கேட்டா, போகாதீங்கன்னு சொல்லிடுவாளோ, அப்புறம் கிளம்பவே முடியாதோன்னுதான் கேக்கவே இல்ல."

"கேக்காம விட்டா சரியாப் போச்சாமா? போயிட்டு சீக்கிரம் வரச் சொல்லு."

பாப்பா எங்களை மாறி மாறிப் பார்த்தாள். எங்கள் காதல் வசனம் முழுவதையும் கேட்ட ஒரே ஆள். அவளுக்கு இன்னும் பல்கூட முளைக்கவில்லை.

சினிமாவில் இப்படி ஒரு காட்சி ஏன் வருவதில்லை என்று புரிகிறது. கேமராவை யார் முகத்தில் வைப்பார்கள், பாவம்?

இப்போது அவர் அங்கே. ஞாயிறுதோறும் போன் வருகிறது. எடுத்ததும், "பாப்பா காதுல வை" என்கிறார்.

ரிசீவரை அவள் காதில் வைத்து, என் காதையும் ஒட்டி வைத்துக்கொள்கிறேன்.