ஜமாபந்தி என்றொரு அசுரன்

என் மகள்களைப் பொறுத்தவரை நான் ஒரு மாவீரன். இளவயதில் நான் செய்த சாகசங்களையெல்லாம் பைக்கில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடும்போது சொல்லிக்கொண்டே போவேன். ஆறு வயதுச் சின்னவள் முன்னால் டேங்கின் மேல், பதினொரு வயதுப் பெரியவள் என் முதுகுக்குப் பின்னால். வாய்க்கால் கரையோடு போகிற நாலு கிலோமீட்டருக்கு ஒரு கதை சரியாக இருக்கும். வகுப்பில் அறிவியல் நடத்துகிற வாத்தியார் வீட்டில் அசுரர்களை வளர்க்கிறாரே என்று என் மனைவி கேலி செய்வாள்.

உள்ளதை உள்ளபடி சொன்னால் பிள்ளைகள் கேட்பார்களா? கல்லூரி நாட்களில் முத்துப்பேட்டை நண்பனோடு அலையாத்திக் காட்டுக்குள் படகில் போனேன். தண்ணீர் வற்றி, படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. மறுபடி தண்ணீர் ஏறும்வரை ஆறு மணி நேரம் கொசுக்கடியில் கிடந்தோம். இதில் கதை எங்கே இருக்கிறது? ஆகவே சேற்றுக்கடியில் ஒரு ராட்சசி வந்தாள். படகைப் பிடித்து இழுத்தாள். துடுப்பாலேயே அவளோடு ஆறு நாள் சண்டை போட்டேன். அதேபோல, மேட்டூர்த் தண்ணீர் நுரையும் சருகுமாக வாய்க்காலுக்கு வரும்போது அதன் முன்னால் நான் ஓடியது நிஜம். அது தண்ணீர் அல்ல, வெள்ளை நாகம் என்றது மட்டும் என் கைச்சரக்கு.

எல்லாவற்றிலும் அவர்களுக்குப் பிடித்தது ஜமாபந்திக் கதைதான். ஜமாபந்தி நூறு வாய் கொண்ட அசுரன். வருஷம் முழுக்கத் தூங்குவான். கோடையில் சில நாள் மட்டும் விழித்து, பச்சைத் துணி விரித்த மேடையில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களை ‘நீ யார், எந்த ஊர்?’ என்று நூறு வாயாலும் கேட்பான். தடுமாறினால் நாக்கைப் பிடுங்கிக்கொள்வான். என் அம்மாவின் மண்ணுக்கான செப்பேடு அவனிடம்தான் இருந்தது. பத்தொன்பது வயதில் குதிரையேறிப் போய், ஊர்ப் பெயரை இடி மாதிரி முழங்கினேன். அசுரன் சுண்டெலி அளவுக்குச் சுருங்கி, செப்பேட்டைக் கொடுத்துவிட்டான்.

இந்த மே மாதம் எங்கள் தெருவுக்கு ஓர் ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு வந்தது. “வரும் செவ்வாய்க்கிழமை நமது கிராமத்திற்கு ஜமாபந்தி! பொதுமக்கள் தவறாமல் கலந்துகொண்டு...” சின்னவள் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு அலறினாள். “நம்ம ஊருக்கே வர்றானாம்ப்பா!”

என் மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தாலுகா அலுவலகத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை கிராமக் கணக்கைப் பார்த்து, ஜனங்களிடம் மனு வாங்குவார்கள், அதற்குப் பெயர்தான் ஜமாபந்தி என்று அவள்தான் பிள்ளையைச் சமாதானப்படுத்தி வெளியே இழுத்தாள். பெரியவள் சிரிக்கவில்லை.

“அப்ப அந்தச் செப்பேடு?”

“மனைப்பட்டா.”

“குதிரை?”

“சைக்கிள்.”

“சரி, நானும் வரேன்” என்றாள். சின்னவளும் தொற்றிக்கொண்டாள்.

இந்த வருஷம் நான் போய்த்தான் ஆகவேண்டியிருந்தது. நாங்கள் வீடு கட்டிக் குடியிருப்பது அம்மாவின் குடிசை இருந்த அதே மனையில். அதற்கு இன்னும் பட்டா கிடையாது.

அலுவலக வாசலில் ஷாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். என் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும், தினமும் நாற்பது பிள்ளைகளை அதட்டி உட்காரவைக்கிற நான் மனுவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போய் நின்றேன். அதிகாரி என்னைவிடச் சின்ன வயதுப் பெண். “உக்காருங்க சார். எந்த ஊரு, சொல்லுங்க” என்றார். சொன்னேன். மனுவைப் படித்து, ஓரத்தில் குறிப்பு எழுதி, ஒப்புகைச் சீட்டு கொடுத்தார். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக் கொடுத்தேன். சின்னவள் தின்ன ஆரம்பித்தாள். பெரியவள் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: “பட்டா அன்னைக்கே வாங்கிட்டீங்கன்னா இன்னைக்கு எதுக்குப்பா மனு?”

தொலைந்துபோய்விட்டது என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவள் பார்த்த பார்வையில் எனக்கு வெட்கமாகிவிட்டது. நடந்ததைச் சொன்னேன்.

அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் என்னைப் படிக்கவைத்தவள். அவள் கைநாட்டு வைத்த மனுவைச் சட்டைக்குள் செருகிக்கொண்டுதான் அன்று போனேன். அப்போது எங்களுக்கு நாற்காலியெல்லாம் கிடையாது. என் முறை வந்தது. “யார்ரா நீ? எந்த ஊரு?” என்று ஒரு குரல் கேட்டது. சுற்றிலும் எங்கள் ஊர்ப் பெரிய மனுஷர்கள் நின்றார்கள். வாயைத் திறந்தேன். ஊர்ப் பெயர்கூட வரவில்லை. யாரோ சிரித்தார்கள். மனுவை நீட்டாமலே வெளியே வந்து, வழியில் அதைக் கிழித்து வாய்க்காலில் போட்டேன்.

“குடுத்துட்டியாய்யா?” என்று அம்மா கேட்டாள். “குடுத்துட்டேம்மா” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெரிய ஆபீசரே என்னை உட்காரச் சொன்னார், சீக்கிரம் அனுப்பிவைக்கிறேன் என்றார் என்று சேர்த்துச் சொன்னேன். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டாள். அதன்பிறகு தபால்காரர் மணியடித்தால், கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பாள். ஒன்பது வருஷம் அப்படி நின்றாள். பிறகு செத்துப்போனாள்.

பெரியவள் தன் பிஞ்சையும் தங்கையிடம் கொடுத்துவிட்டாள்.

“அப்ப அப்பாயிக்கும் கதைதான் சொன்னீங்களாப்பா?”

“ஆமாம்மா.”

“அவங்க நம்புனாங்களா?”

“சாகுற வரைக்கும் நம்புனாங்க” என்றேன். தாலுகா அலுவலக வாசலில், அத்தனை பேர் பார்க்க, பிள்ளைகள் முன்னால் அழுதேன்.