பழைய குண்டும் தொண்டுக்குப் போன நானும்

தாதி வேலையில் ஊசி போடுவது சுலபம், "வர ஏலாது" என்று கதிரையில் குந்தியிருக்கிற ஆளை எழுப்புவதுதான் கஷ்டம். தொண்டர் தாதி என்றால் அதையும் சம்பளமில்லாமல் செய்ய வேணும். இந்தத் தொழிலில் மாட்டுப்பட்டவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஜெர்மனியில், பிராங்பேர்ட்டில் அத்திவாரம் கிண்டினால் இப்பவும் சிலவேளை உலகப் போரில் வெடிக்காமல் போன குண்டு வெளியே வரும். வந்தால் சுற்றியுள்ள தெருக்கள் முழுக்கக் காலியாக வேணும். கடைசி ஆள் வெளியேறும்வரை குண்டைக் கழற்றுகிறவர் கை வைக்க மாட்டார். நடக்கச் சிரமப்படும் முதியவர்களைக் கூட்டிவருவது எங்கள் அணியின் பொறுப்பு. தாதிமாரை இங்கே 'ஷ்வெஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வானை ஓட்டினது ரவி, என்னைப் போலவே யாழ்ப்பாணத்து ஆள்.

அக்கோர்டியன்

பேரத்தில் என்னை வென்ற ஆளில்லை. அகதியாக வந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, ஏமாந்து ஏமாந்து படித்த படிப்பு அது. முதல் வீட்டில், மூன்றாம் மாடியில், ஒரு முதியவர். பெரிய மணிக்கூடு, மீன்தொட்டி, அக்கோர்டியன் வாத்தியம் மூன்றும் வந்தால்தான் தானும் வருவாராம். விடுவேனா? மணிக்கூட்டை வெட்டினேன். மீன்தொட்டிக்குச் சண்டையே பிடித்தேன். அக்கோர்டியன் மட்டும் என்று முடித்து, வென்ற திமிரில் அந்தப் பாரத்தை நானே தோளில் கொழுவிக்கொண்டு இறங்கினேன். வானடியில் அவர் என் கையைக் குலுக்கினார்.

"நன்றி, ஷ்வெஸ்டர். மற்ற இரண்டும் சும்மா கேட்டுப் பார்த்தது."

வாங்கில் இருந்தவர்

அடுத்த வீட்டுக்கு நடந்தே போனேன். வடிவான பழைய வீடுகளுக்கு நடுவில் திடீரென்று ஒரு மொட்டைப் பெட்டி வீடு. அந்தப் போரில் எங்கே குண்டு விழுந்தது என்று தெருவே சொல்லும். இதையெல்லாம் புதினம் பார்த்துக்கொண்டு போனால், தெருவோர வாங்கில் குந்தி ஒருவர் சாவகாசமாகப் பாண் சாப்பிடுகிறார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஊரே வெளிக்கிட்டுவிட்டது, உமக்கு மட்டும் விருந்தா, எழும்பும் என்று ஜெர்மனில் தொடங்கி, சொல் போதாமல் தமிழிலும் ஏசினேன். அவர் கடைசித் துண்டையும் ஆறுதலாக விழுங்கினார்.

"போறன், ஷ்வெஸ்டர். ஆனால் பிறகு குண்டை நீங்கள்தான் கழற்ற வேணும்."

நிலவறை

மிச்சமிருந்தது ஃபிராவ் வைஸ் என்ற கிழவி மட்டும். தனி ஆள், கைத்தடி, கல்லு மாதிரிப் பிடிவாதம். கெஞ்சினேன், கத்தினேன், கேக் வாங்கித் தருவதாகக்கூடச் சொன்னேன். அசையவில்லை. ரவி கீழே ஹோர்ன் அடிக்கிறார். அந்த நேரம் பார்த்து, தெருக்களில் ஆள் மிச்சமிருக்கிறதா என்று பார்க்கப் பொலிஸ் ஹெலிகொப்டர் கூரைக்கு மேலே தாழ வந்தது.

பிறகு நடந்ததுக்கு என் மூளை பொறுப்பில்லை. ஊரில் ஹெலி வந்தால் பதுங்கு குழிக்குள் பாய்ந்து பழகின உடம்பு. "ஹெலி!" என்று கத்திக் கிழவியின் கையைப் பிடித்து இழுத்தேன். அவ்வளவு நேரமும் நடக்க ஏலாது என்றவ, கைத்தடியை எறிந்துவிட்டு எனக்கு முன்னால் நிலவறைக்கு இறங்குகிறா! உருளைக்கிழங்குப் பெட்டிகளுக்குப் பின்னால் இரண்டு பேரும் சுவரோடு ஒட்டிக் குந்தினோம். நான் அவவின் காதைப் பொத்தினேன். அவ, சின்ன வயதில் போரில் பழகினபடி, குண்டு அதிர்ச்சி தாக்காமலிருக்க வாயைத் திறந்து வைக்கச் சொன்னா. திறந்து வைத்தேன். மேலே ரயிலும் நின்று, ஊரே எங்கள் இருவருக்காகக் காத்திருந்தது. ரவி தேடிப்பிடித்து டோர்ச் அடித்தபோதும் என் வாய் திறந்தபடிதான்.

"அக்கா, குண்டு மேல இருந்து வரேல்ல. பக்கத்து வளவில, மண்ணுக்குள்ள கிடக்கு. நீங்கள் அதுக்குக் கிட்டப் போய் இருக்கிறியள்!"

வெளியே

தெரு முனையில் அந்தப் பாண்காரர் காத்துக்கொண்டு நின்றார். நான் தலையைக் குனிந்தேன். அவர் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குண்டை நோக்கிப் போனார். வெளியேற்றினவர்களைத் தங்கவைத்த பள்ளிக்கூட மண்டபத்தில் ஃபிராவ் வைஸ் என் கையை விடவேயில்லை. சூப்பையும் ஒற்றைக் கையால்தான் குடித்தா. குண்டு கழற்றியாயிற்று என்று அறிவித்த பிறகுதான் பிடி தளர்ந்தது.

"அடுத்த குண்டுக்கும் நீங்களே வாங்கோ. மற்றவர்களுக்கு ஓடத் தெரியாது."

ஊரை வெளியேற்றப் போன நான், அந்த ஊரிலிருந்து கடைசியாக வெளியேற்றப்பட்ட ஆள் என்ற பெருமையோடு வீடு வந்து சேர்ந்தேன்.