திருத்துறைப்பூண்டியில் ஒரு ராட்சச நண்டு

தஞ்சாவூர் வந்தால் எல்லோரும் பெரிய கோயிலுக்குப் போவார்கள். நான் போன மாதம் ஒரு நண்டைப் பார்க்கப் போனேன். என் தம்பி சாம் துபாயில் வெல்டராக இருந்தவன். ஊர் திரும்பி, சேமிப்பையெல்லாம் கொட்டி ஒரு படம் எடுத்துவிட்டான். படத்தில், கடலோரச் சுற்றுலா ஊரில் ரிசார்ட்டுக்கு வருகிறவர்களை ராட்சச நண்டு வேட்டையாடுகிறது. ஜனங்கள் சிரிக்கவும் வேண்டும், அலறவும் வேண்டுமாம். நண்டும் அவனே வெல்டிங் செய்ததுதான்.

கிடைத்தது ஒரே தியேட்டர், திருத்துறைப்பூண்டியில். காலைக் காட்சிக் கூட்டத்துக்குப் பிடித்தால்தான் மதியமும் ஓட்டுவேன் என்றார் முதலாளி. ஓடாவிட்டால் சாம் மறுபடி துபாய்தான். விமான டிக்கெட்கூடப் போட்டுவிட்டான்.

தஞ்சாவூரில் காலை ஆறரைக்கு நீடாமங்கலம் வழியாக மன்னார்குடி பஸ் பிடித்தோம். நீடாமங்கலம் ரயில்வே கேட் வழக்கம்போல் அடைத்திருந்தது. "ரயிலுக்கு இன்ஜின் மாத்துறாங்க, டீ குடிச்சிட்டு வாங்கம்மா" என்றார் கண்டக்டர். சாம் டீயைத் தொடவில்லை. மன்னார்குடியில் பஸ் மாறி, மொத்தம் எழுபது கிலோமீட்டர் போல. கேட்டோடு சேர்த்து மூன்று மணி நேரம்.

தியேட்டரில் பாதிக்கு மேல் கடலோரத்து ஆட்கள். ரிசார்ட் நீச்சல் குளத்திலிருந்து நண்டு எழுந்ததும், சாமுக்குப் பக்கத்து சீட் மீன்கார அம்மா சத்தமாகச் சொன்னார்: "ஒரு நண்டு, ஊருக்கே கொழம்பு." தியேட்டரே சிரித்தது. சாமுக்கு முகம் செத்துவிட்டது. அது பயப்பட வேண்டிய இடம். எனக்கு அந்த அம்மாமேல் கோபமான கோபம்.

இடைவேளைக்குப் பிறகு, ரிசார்ட் சமையல்காரன் நண்டை வேகவைக்க அண்டாவை அடுப்பில் ஏற்றுகிறான். மறுபடி சிரிப்பு. மூடியைத் திறக்கிறான், உள்ளே வெந்நீர் மட்டும். அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து கொடுக்கு நீண்டது. தியேட்டர் அலறிய அலறலில் என் காது அடைத்தது. மீன்கார அம்மா சாமின் சட்டையைப் பிடித்து இழுத்ததில் இரண்டு பட்டன் போயிற்று.

விளக்கு போட்டதும், "எவன்யா இதை எடுத்தவன்?" என்றார் அந்த அம்மா. "நான்தாங்க" என்று எழுந்து நின்றான் சாம்.

"நல்லா இருப்பே தம்பி. மருமவளைக் கூட்டியாரேன், மதியமும் போடுவாங்கல்ல?"

கதவருகே நின்ற முதலாளி, "போடுறோம்மா, சாயங்காலமும் போடுறோம்" என்றார். எனக்கு விசில் அடிக்கத் தெரியாது. அன்றைக்கு அடித்தேன்.

போகிறவர்களுக்கு: கேட்டுக்காக அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பால்கனி வேண்டாம், கீழேதான் கூட்டத்தோடு அலறலாம். பயணம் என்றால் பார்த்தது மட்டுமில்லை, யாரோடு பார்த்தோம் என்பதும்தான்.

வெளியே வந்ததும் டிராவல்ஸுக்குப் போன் போட்டான் சாம். "டிக்கெட்டை கேன்சல் பண்ணிடுங்க. ஆமாங்க, ஊர்லயே வேலை கிடைச்சிடுச்சு."